கலங்கரை விளக்கம் இல்லாத மருந்து

மருந்து என்பது குப்பிக்குள் இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. அது பெட்டியின் மேல் இருந்தது. வெள்ளை அட்டையில் நீல மையால் அச்சிட்ட கலங்கரை விளக்கமும், அதன் உச்சியிலிருந்து விரியும் ஒளிக் கோடுகளும் கண்ணில் பட்டால்தான் அம்மாவின் முகம் தெளியும். அந்தப் படம் இல்லாத எந்த மருந்தையும் அப்பா வாசற்படி தாண்ட விட்டதில்லை. காலியான பெட்டிகளைக்கூட நாங்கள் எறியமாட்டோம். சாமி மாடத்துக்குக் கீழே, கற்பூர டப்பாவின் பக்கத்தில், அவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. விளக்கேற்றும்போது அம்மா அவற்றையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

இந்த நம்பிக்கையைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. அதன் அடியில் ஒரு சாவு கிடந்தது. மலாயாவிலிருந்து ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்த புதிதில், சித்தப்பாவின் காலைத் தகரம் கிழித்துப் புண் புரையோடியது. பெனிசிலின் என்ற பெயர் அப்போதுதான் எங்கள் காதுக்கு எட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பட்டாளத்தாருக்கே போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆற்றோரச் சந்தையில் ஒருவன் துணிப்பைக்குள் வைத்து விற்றான். அப்பாதான் போய் வாங்கி வந்தார். ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, சித்தப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, மிஞ்சிய ஒரு குப்பியை அப்பா அடுப்படியில் உடைத்தார். உள்ளே இருந்தது பற்பொடி. கிராம்பு வாசம் அடித்ததாம். அதற்குப் பிறகு தம் கடைசி நாள் வரை அப்பா பற்பொடியைக் கையால் தொடவில்லை, கரிதான்.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு டாக்டர் வந்து, "இந்தப் படத்தைப் பார்த்து வாங்குங்கள், ஏமாற மாட்டீர்கள்" என்று சொன்னால் அவர் எப்படி நம்பாமல் இருப்பார்?

அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, மலாக்காத் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவானவர். அம்மா காஜா பெராங்கில் பல தலைமுறையாக மலாய் பேசி வாழ்ந்த மலாக்காச் செட்டிக் குடும்பத்துப் பெண். கெபாயாவும் சாரோங்கும்தான் அவள் உடுப்பு. மாரியம்மனைக் கும்பிடுவாள், மலாயில் வேண்டிக்கொள்வாள். அப்பாவோடு வாழ்ந்து வாழ்ந்து அவள் வாயில் ஒரு தமிழ் வந்து சேர்ந்திருந்தது. பாதிச் சோற்றில் பாதிக் குழம்பு ஊற்றியது போல இருக்கும். நாங்கள் பெண்கள் மூவர். மூத்தவள் நர்ஸ் படிப்புக்காக இங்கிலாந்து போயிருந்தாள். நான் நடுவில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. இளையவளுக்கு அம்மாவின் பக்கத்துக் குரல். கல்யாண வீடுகளில் தொண்டாங் சாயாங் பாடுவாள்: ஒருவர் நாலு வரி பாட, எதிரில் இருப்பவர் அந்த இடத்திலேயே நாலு வரி கட்டிப் பதில் பாட வேண்டிய பாட்டு. பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் ஆண்களை அவள் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குள் இழுத்து விடுவதைப் பார்க்கவே கூட்டம் வரும்.

மெர்டேக்கா, அதாவது நாட்டின் சுதந்திரம், வந்து ஓராண்டு கடந்திருந்தபோது அவளுக்கு இருமல் வந்தது. பிறகு மாலைக் காய்ச்சல். பிறகு கைக்குட்டையில் சிவப்பு.

பெரிய ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பெச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் போகிற தூரம்தான். காசநோய்க்கு அங்கே ஊசி போட்டார்கள், காசு வாங்குவதில்லை. ஆனாலும் அங்கே போவது என்ற பேச்சே எழவில்லை. அங்கே கொடுப்பது தண்ணி மருந்து என்பது ஊரறிந்த உண்மையாக இருந்தது. படமில்லாத குப்பி, பெயர் மட்டும் அச்சிட்ட காகிதம் ஒட்டியிருக்கும், யார் செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தோட்டத்து ஜனங்களும் பெச்சா மிதிப்பவர்களும் வேறு கதியில்லாமல் போட்டுக்கொள்வது. "என் பிள்ளைக்குப் பேர் தெரியாத மருந்தா?" என்று அப்பா கேட்டபோது, அவர் கண்ணில் சித்தப்பாவின் கால் தெரிந்தது.

ஆகவே நாங்கள் கடைத்தெரு டாக்டரிடம் போனோம். அவருடைய அறையில் கலங்கரை விளக்கப் படம் போட்ட நாட்காட்டி தொங்கியது. மேசையில் மை ஒற்றும் காகிதத்திலும் அதே விளக்கம். இரண்டு மருந்துகளை ஒரே குப்பியில் கலந்து அந்தக் கம்பெனி விற்ற ஊசியை அவர் எழுதித் தந்தார். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் தங்கைக்கு உதடு மரத்துப்போகும். "அப்பா, என் உதட்டை யாரோ எடுத்துட்டுப் போய்ட்டாங்க" என்பாள். அப்பா சிரிப்பார். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அவருக்குக் கிடைத்த சாட்சி அது, ஊசி போடும் நாளெல்லாம் "உதடு எப்படி?" என்றுதான் முதலில் விசாரிப்பார். அம்மாவின் கெபாயாவில் தங்கப் பதக்கங்கள் இருந்த இடத்துக்கு ஒவ்வொன்றாகச் சாதாரண ஊக்கு வந்தது. தங்கையின் காய்ச்சல் இறங்கியது; கன்னத்தில் சதை பிடித்தது; குளிக்கும்போது முணுமுணுவென்று பாட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் பெட்டி வருவது நின்றது.

கம்பெனியின் ஏஜென்டுக்குக் கப்பல் வரவில்லையாம். அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம், சிங்கப்பூரில் சரக்கு இறங்கிவிட்டது என்றார்கள். அதற்கும் அடுத்த வாரம், சிங்கப்பூரில் இறங்கியது வேறு சரக்கு என்றார்கள். அப்பா ஆபீஸ் விட்டதும் நேரே மருந்துக் கடைக்குப் போய் அங்கிருந்து வெறுங்கையோடு வருவார். சைக்கிளை நிறுத்தும் ஓசையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். தங்கையின் காய்ச்சல் திரும்பியது. பாட்டு நின்றது. டாக்டரிடம் வேறு வழி உண்டா என்று அப்பா கேட்டார். "பொறுத்திருங்கள். கண்டதைப் போட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார் அவர். இந்தச் சொற்களை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் அவற்றின் சூடு ஆறவில்லை.

அக்கா படிப்பை முடித்து ஊர் திரும்பும் சமயம் அது. தங்கையின் நிலையை அப்பா முன்பே எழுதியிருந்தார். லண்டனிலிருந்து ரயிலில் இத்தாலி வந்து, அங்கே கப்பல் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி, டாக்சியில் வந்து சேர்ந்தாள். கட்டிப்பிடித்து அழுகை ஓய்ந்ததும் கைப்பையைத் திறந்து ஒரு பழுப்பு நிற அட்டைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். படம் கிடையாது. கறுப்பு எழுத்தில் இரண்டு மருந்துகளின் பெயர். கீழே பொடி எழுத்தில் ஓர் இத்தாலிய ஊரின் பெயர். அவ்வளவுதான்.

"என் வார்டு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தாரு. கப்பல் ஏறுறதுக்கு முன்ன அங்கேயே வாங்கிட்டேன். இன்னைக்கே போட்டுடலாம்" என்றாள்.

அப்பா அந்தப் பெட்டியைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "விளக்கம் எங்கே?"

"என்ன விளக்கம்?"

நான் சாமி மாடத்தைக் காட்டினேன். அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்த அக்கா ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள். "ஏய், நீ டீச்சர்தானே? அடியில என்ன எழுதியிருக்கு, படி."

பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. படித்தேன். பழுப்புப் பெட்டியையும் படித்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்று. அளவும் ஒன்று. இத்தனை மாதம் தினமும் கும்பிட்ட பெட்டியை நாங்கள் ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்ததில்லை.

"அங்கே மருந்தை அதோட சொந்தப் பேரைச் சொல்லித்தான்பா கேப்பாங்க. இத்தாலியில ஒரே கடையில நாலு கம்பெனி பெட்டி இருந்துச்சு. எல்லாத்துலயும் இதே மருந்துதான். எது இருக்கோ அதைக் கொடுப்பான். எங்க ஆஸ்பத்திரியிலயும் படம் பார்த்து யாரும் ஊசி போடல."

அம்மாவுக்கு இது நம்பும்படி இல்லை. "இந்த ஊபாட்டுக்கு மூஞ்சியே இல்லையே" என்றாள். மருந்துக்கு அவள் சொல்லும் மலாய்ச் சொல் அது.

"அம்மா, பெலாச்சானை எந்தக் கடையில வாங்கினா என்ன, பெலாச்சான் பெலாச்சான்தானே?"

அக்கா உவமையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டாள். இறால் விழுதைப் பற்றி அம்மாவிடம் அப்படிப் பேசக் கூடாது. "யார் சொன்னா? உஜோங் பாசிர்ல போர்ச்சுக்கீஸ்காரி இடிக்கிற பெலாச்சானும் சந்தையில உப்பு கொட்டி விக்கிறதும் ஒண்ணா? இங்கிலீஷ் சாப்பாடு சாப்ட்டு நாக்கு செத்துப் போச்சு உனக்கு!"

படுத்திருந்த தங்கைக்குச் சிரிப்பு வந்தது; சிரிப்பு இருமலானது; இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது. அந்த இருமலுக்கு நடுவில் அப்பா பழுப்புப் பெட்டியை இரண்டு விரலால் எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த படியில் வைத்துவிட்டு வந்தார்.

"என் தம்பிக்கு நான் ஒரு தடவை வாங்கிக் கொடுத்தேன். போதும்" என்றார்.

அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு, கடைத்தெரு டாக்டரிடம் போனாள். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர், நீங்க எழுதின அதே மருந்துதானே இது?"

"மருந்து அதேதான் மிஸ்ஸி. உத்தரவாதம் யார் கொடுப்பது?" நர்ஸ்களை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்க ஆஸ்பத்திரியில இதைத்தான் போட்டோம்."

"மூன்று வருஷம் இங்கிலாந்தில் படுக்கை விரித்துவிட்டு வந்தால் எல்லோரும் டாக்டராகிவிடுகிறீர்கள்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரக்கு வந்துவிடும். உங்கள் அப்பா என்னை நம்பி இருக்கிறார். அவர் மனத்தைக் குழப்பாதீர்கள்" என்றார்.

அக்கா பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினாள். "எங்க அப்பா உங்களை நம்பல டாக்டர். அந்த நாட்காட்டியை நம்புறாரு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வீட்டுக்குள் தன்னை ஊசி போட அப்பா விடமாட்டார், பெரிய ஆஸ்பத்திரியில் யாராவது போடுவார்களா என்று கேட்டுப் பார்ப்போம் என்றாள். அந்தக் கட்டடத்துக்குள் நோய்க்காக நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

ஊசி போடும் அறையின் வாசலில் நீண்ட வரிசை. உள்ளே மிஸ்ஸி ஒருத்தி தட்டில் குப்பிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஏற்றிக் குலுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா சட்டென்று நின்றாள். தன் கையிலிருந்த பெட்டியைத் திறந்து ஒரு குப்பியை எடுத்து அந்தத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அதே உயரம், அதே ரப்பர் மூடி, அதே கறுப்பு எழுத்து. அதே இத்தாலிய ஊர்.

"இது இங்கே எப்ப வந்துச்சு?" என்றாள் அக்கா.

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்தாள். "இதா? இது எப்பவும் இருக்கே. ஏன்?"

"கப்பல் வரலைன்னு…"

"எந்தக் கப்பல்?" என்று கேட்டாள் மிஸ்ஸி.

வரிசையில் முதலில் இருந்த தோட்டத்துப் பெண் ஒருத்தி கைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்களுக்கெல்லாம் இந்த மருந்துதாம்மா. ஏன், உங்க வீட்டுக்குன்னு தனியா சாமி மருந்து வருதா?" வரிசையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் முகத்தில் காய்ச்சலின் வறட்சி இல்லை. தேறி வருகிறவளின் முகம் அது. எனக்கு அவள் கேலி உறைக்கவில்லை; அவள் கன்னத்தின் செழிப்புத்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து சொன்னோம். அப்பா கேட்டுக்கொண்டார். "தோட்டத்து ஆளுகளுக்குப் போடுறதை…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் பால் மரம் வெட்டியவர்கள். அந்த வாக்கியத்தை அவரால் முடிக்க முடியவில்லை என்பதற்காக இன்றும் அவரை நான் மதிக்கிறேன்.

முடித்து வைத்தவள் தங்கை. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய், நல்ல சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல இருந்தாள்.

"எங்கடி?" என்றாள் அம்மா.

"தண்ணி மருந்து போட்டுக்கப் போறேன். அக்கா, பெச்சா கூப்பிடு."

"அப்பா மாரா லா" என்று அம்மா மலாயில் முனகினாள், கோபித்துக்கொள்வார் என்று.

"கோவிச்சுக்கட்டும். உயிரோட இருந்தா சமாதானம் பண்ணிக்கலாம்."

பெச்சாவில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஏறாமல், எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்து எழுதினார். மிஸ்ஸி ஊசி போட்டாள். அப்பா உள்ளே வரவில்லை. மழைமரத்தடி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். தங்கை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் சென்று அவள் விரலால் தன் வாயைத் தடவினாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"என் உதட்டை எடுத்துட்டுப் போய்ட்டாங்க."

அப்பா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் அக்காவிடமிருந்து பழுப்புப் பெட்டியை வாங்கி, தாமே உள்ளே கொண்டுபோய், சாமி மாடத்தின் கீழே கலங்கரை விளக்கங்களுக்கு அருகில் வைத்தார்.

தங்கை பிழைத்தாள். ஆனால் மருந்தில்லாமல் நாங்கள் பொறுத்திருந்த அந்த வாரங்களில் நோய் சும்மா இருக்கவில்லை. ஒரு பக்க நுரையீரல் இனி உதவாது என்று எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். பின்னாளில் கப்பலும் வந்தது. சரக்கு வந்துவிட்டதாகக் கடைத்தெரு டாக்டர் ஆள் அனுப்பிச் சொன்னார். வந்த ஆளுக்கு அம்மா காப்பி கொடுத்து அனுப்பினாள்.

பிறகு நான் நிறையப் படித்தேன். ஐரோப்பாவில் அரசாங்கங்கள் இந்த மருந்துகளை அவற்றின் பொதுப்பெயரால் ஏலம் கேட்டு வாங்கின என்றும், ஒரே மருந்தைப் பல நாட்டுக் கம்பெனிகள் செய்து போட்டிபோட்டு விற்றன என்றும், சந்தையில் ஒன்று தீர்ந்தால் இன்னொன்று கைக்கு எட்டியது என்றும் அறிந்தேன். படிக்கப் படிக்க என் கோபம் தணியும் என்று எதிர்பார்த்தேன். தணியவில்லை. அங்கே ஒரு செவிலி சாதாரணமாக அறிந்திருந்த செய்தி, இங்கே ஒரு டாக்டரின் மேசையில் மை ஒற்றும் காகிதத்துக்கு அடியில் கிடந்தது. அவர் பொய் சொல்லவில்லை. மருந்து அதேதான் என்று கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். கேட்பதற்கு ஒருத்தி ஏழு கடல் தாண்டி வரவேண்டியிருந்தது, அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. ஆஸ்பத்திரியை நடத்தியவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. நல்ல மருந்தை வாங்கி வைத்தார்கள்; அது நல்ல மருந்து என்று ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திடலில் கொடி மாறிய அன்று நாங்கள் குடும்பத்தோடு போய்க் கைதட்டினோம். இனி நம் நாடு, நம் ஆஸ்பத்திரி என்று பேசினார்கள். நம் ஆஸ்பத்திரியின் மருந்தை நம்பலாம் என்று அந்த மேடையிலிருந்து யாராவது சொல்லியிருந்தால் அப்பா நிச்சயம் கேட்டிருப்பார். மேடைப் பேச்சு என்றால் அவருக்கு உயிர்.

எங்களுக்கு ஓர் அக்கா இருந்தாள். காஜா பெராங்கில் அக்கா இல்லாத வீடுகள் எத்தனையோ இருந்தன. அந்த வீடுகளிலும் சாமி மாடத்தின் கீழே கலங்கரை விளக்கங்கள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில வீடுகளிலிருந்து அந்த ஆண்டு வெள்ளைத் துணி போர்த்திக் கொண்டுபோனதையும் பார்த்தேன்.

அக்கா திரும்பவும் இங்கிலாந்து போய் அங்கேயே வாழ்ந்து, அங்கேயே மறைந்தாள். அப்பா, அம்மா இருவரும் போய் வெகுகாலமாகிறது. கடைத்தெரு டாக்டரின் அறை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் போகின்றன. மாலையில் அவை கொஞ்சம் அடங்கும் நேரத்தில், தங்கை சில நாள் பழைய பாட்டில் ஒன்றைத் தொடங்குவாள். இரண்டு வரிக்கு மேல் அவளுக்கு மூச்சு வராது. நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பாள். எனக்குப் பாட வராது. மிச்சம் இரண்டு வரியை நான் பாடம் ஒப்பிப்பது போல ஒப்பிப்பேன். மோசமாக இருக்கிறது என்று தலையாட்டுவாள்.

இந்த வீட்டில் இப்போது நாங்கள் இருவர். தங்கை இருக்கிறாள்.